எங்க பிரசிடெண்ட் பேரு அது இல்லீங்களே, டீச்சர்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. (லோயர் பிரைமரி) பள்ளியில் பத்தொன்பது வருடமாக டீச்சராக இருக்கிறேன். மூணாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் என் பொறுப்பு. காலை அசெம்பிளியில் தினமும் ஒரு பிள்ளை பத்திரிகைச் செய்தி வாசிப்பது எங்கள் பள்ளி வழக்கம். போன வருடம் குடியரசு தினத்துக்கு முந்தின வாரம், ஒரு பையன் 'குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு' என்று தொடங்கும் செய்தியைத் தட்டித் தடுமாறி வாசித்து முடித்தான். வகுப்புக்கு வந்ததும், குடியரசுத் தலைவர் என்றால் யார் என்று கேட்டேன். ஒருவர் முகத்திலும் பதில் இல்லை. சரி, தெரிந்த சொல்லில் சொல்வோம் என்று, "பிரசிடெண்ட்" என்றேன்.

முன் பெஞ்சில் இருந்த சின்னப் பெண் உடனே எழுந்தாள். "எங்க பிரசிடெண்ட் பேரு அது இல்லீங்களே, டீச்சர்."

அவள் சொன்னது சரிதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அம்மா முதலில் மெம்பரிடம் சொல்வாள், பிறகு பிரசிடெண்டிடம் போவாள். தொழிலுறப்பு வேலை நடக்கும் இடத்துக்குப் பிரசிடெண்ட் வந்து பார்ப்பார். (எல்லைக்கு அந்தப் பக்கம் அதே வேலைக்கு நூறு நாள் வேலை என்று பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் தெரியும்.) பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் உட்கார்ந்து பரிசு கொடுப்பதும் அவர்தான். கண்ணால் பார்த்த ஒருவரை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை பேசுகிறது. நானோ ஒரு பத்திரிகைப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

முந்தைய வருடங்களில் என்ன செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன். 'இந்தியாவின் முதல் குடிமகன் குடியரசுத் தலைவர்' என்று போர்டில் எழுதிப் போடுவேன். எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் சரியாகவும் எழுதுவார்கள். அந்த வருடம் அந்த வரியை எழுதச் சாக்பீஸ் எடுத்தபோது கை நின்றுவிட்டது. முதல் குடிமகன் என்றால் என்ன செய்பவர்? அந்த வரியில் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் குழந்தை ராஜாவைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். "ராஜா மாதிரிங்களா?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கிறது. நினைத்தது நடக்கும், சொன்னது சட்டம், யானை குதிரை எல்லாம் உண்டு. குழந்தைகளுக்குக் குடியரசுத் தலைவரைச் சொல்லிக் கொடுப்பதில் பாதி வேலை அந்த ராஜாவைச் சிம்மாசனத்திலிருந்து மெல்ல இறக்குவதுதான் என்று நான் நம்புகிறேன். சீக்கிரமே செய்ய வேண்டிய வேலை அது.

எனவே பஞ்சாயத்திலிருந்தே தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு வசதியான இடம் என்று எனக்கே தெரிந்தது. கேரளத்தில் பஞ்சாயத்துப் பிரசிடெண்டை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் வார்டு மெம்பருக்கு ஓட்டுப் போடுகிறோம், மெம்பர்கள் கூடித் தங்களில் ஒருவரைப் பிரசிடெண்ட் ஆக்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்கு மக்களே நேராக ஓட்டுப் போடுவார்கள். எல்லையில் இருக்கிற கோபாலபுரம் தாண்டி மாமா வீடு இருக்கிற பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. "எங்க மாமா ஊர்ல பிரசிடெண்டுக்குத் தனிச் சீட்டுங்க டீச்சர்" என்றான் ஒருவன். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் நம் கேரளத்து முறையைப் போன்றது. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுவார்கள். எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு ரோஸ் நிறச் சீட்டு.

"அப்ப நம்ம சித்தூர் எம்.எல்.ஏ. ஓட்டும், பொள்ளாச்சி எம்.எல்.ஏ. ஓட்டும் ஒண்ணுதானுங்களா?"

கேட்டவன் நாலாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரன். ஒன்றில்லை என்றேன். கேரள எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 152, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. 1971 மக்கள் தொகையை எடுத்து, எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுப்பார்கள். கேரளத்தின் கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டினேன்: 2,13,47,375ஐ 140ஆல் வகுத்தால் 1,52,481, அதை ஆயிரத்தால் வகுத்தால் 152. மூணாம் வகுப்புக்கு இது எட்டவில்லை, எட்ட வேண்டியதும் இல்லை. அவன் மட்டும் தமிழ்நாட்டுக் கணக்கையும் நோட்டில் போட்டு, மத்தியானம் சோற்றுத் தட்டோடு வந்து காட்டினான். 4,11,99,168, 234, 176. சரியாக வந்திருந்தது.

ஆனால் பஞ்சாயத்து உவமை ஒரு இடத்தில் உதவாமல் போய்விடும். அதை மறைக்கக் கூடாது. நம் பிரசிடெண்ட் பஞ்சாயத்தை நடத்துகிறவர். டெல்லியில் நடத்துகிற வேலை பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும். குடியரசுத் தலைவர் அவர்களுடைய ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 74வது பிரிவு சொல்கிறது. "பேரு ஒண்ணு, வேலை வேற" என்று சொன்னேன். அப்படியானால் அவர் என்னதான் செய்கிறார்?

அதற்கு முன்னால் பெயரையே கொஞ்சம் பிரிக்க வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகள் காதில் மூன்று பெயர் விழுகிறது. மலையாளச் செய்தியில் ராஷ்டிரபதி. வீட்டுப் பெரியவர்கள் வாயில் ஜனாதிபதி. பாடப்புத்தகத்தில் குடியரசுத் தலைவர். முதல் இரண்டிலும் 'பதி' இருக்கிறது, தலைவன், உடையவன் என்ற வாடை அடிக்கிறது. மூன்றாவது சொல்லைத்தான் எனக்குப் பிடிக்கும். அது தன்னைத் தானே விளக்கிவிடும் என்று நினைத்து, குடி, அரசு என்று பிரித்துப் போர்டில் எழுதினேன்.

வகுப்பு சற்று அமைதியாக இருந்தது. பிறகு ஒரு பையன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "குடின்னா கள்ளு குடிக்கிறதாங்க டீச்சர்?"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர் போனது. தென்னந்தோப்புகளிலிருந்து விடியற்காலையில் வண்டி வண்டியாகப் பல மாவட்டங்களுக்குப் போகும். பல பிள்ளைகளின் அப்பா மரம் ஏறுகிறவர், சில வீடுகளில் சாயங்காலம் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்தப் பையன் ஏன் குரலைத் தாழ்த்தினான் என்று எனக்குத் தெரியும். அவன் பக்கத்தில் போய் நின்று, "குடும்பத்துல ஒரு குடி இருக்கு பாரு கண்ணு. குடித்தனம், குடியிருப்பு, குடிசை, எல்லாத்துலயும் இருக்கு" என்றேன். குடி என்றால் ஒரு இடத்தில் வீடு கட்டி, அடுப்பு மூட்டி, சேர்ந்து வாழ்கிறவர்கள். அந்தக் குடிகளே அரசாக இருந்தால் குடியரசு. அவர்களுக்கு ஒரு தலைவர். "அப்ப எங்க வீடும் அதுல இருக்குங்களா?" என்றான். இருக்கிறது என்றேன். அன்று அவன் நோட்டில் 'குடி' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வீடு வரைந்திருந்தான், ஓட்டுக் கூரையோடு.

அடுத்தது கையெழுத்து. குடியரசுத் தலைவரின் வேலையைக் குழந்தைகளுக்கு ஒரே பொருளில் காட்ட வேண்டும் என்றால் அது ஒரு பேனாதான். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றிய மசோதா அவர் ஒப்புதல் தந்தால்தான் சட்டம். இதைச் சொல்ல நான் எடுத்தது பிராக்ரஸ் கார்டு. மார்க் போடுவது டீச்சர். அப்பா ஒரு மார்க்கைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடாமல் கார்டு திரும்பி வந்தால் நான் வாங்குவேனா? மாட்டேன். கூட்டல் தப்பாக இருக்கிறதே என்று தோன்றினால் அப்பா என்ன செய்யலாம்? "மறுபடி பாருங்கன்னு குடுத்து விடலாம்" என்று பத்துக் குரல் ஒன்றாக வந்தது. 111வது பிரிவு அவ்வளவுதான். திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தர மறுக்க முடியாது.

"கையெழுத்தே போடாம பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டா?" இதுவும் கணக்குக்காரன்தான். அப்படியும் நடந்திருக்கிறது. 1986இல் தபால் சட்டத் திருத்தம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனங்களின் கடிதங்களை அரசு பிரித்துப் பார்க்க அது இடம் கொடுத்தது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜெயில் சிங் அதில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அடுத்த வருடம் அவர் பதவிக்காலமே முடிந்துவிட்டது. அந்த மசோதா கடைசி வரை சட்டமாகவில்லை.

ஆளைப் பற்றிய கதை இல்லாமல் எந்தப் பாடமும் குழந்தைகளிடம் தங்காது. எங்கள் பிள்ளைகளுக்கு அப்துல் கலாம் தெரியும். கே.ஆர். நாராயணனைத் தெரியாது. அது எனக்கு உறுத்தல். இவர்கள் தமிழ் பேசும் கேரளப் பிள்ளைகள், இரண்டு பேருமே இவர்களுடையவர்கள். கோட்டயம் மாவட்டத்து உழவூரில் மிக ஏழ்மையான தலித் குடும்பத்தில் பிறந்தவர் நாராயணன். பல மைல் நடந்து பள்ளிக்குப் போனவர். ஃபீஸ் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டு, அங்கிருந்தே பாடம் கேட்டவர். புத்தகம் வாங்கக் காசில்லை என்று அண்ணன் மற்ற பிள்ளைகளிடம் இரவல் வாங்கிக் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன்தான் 1997இல் குடியரசுத் தலைவர் ஆனார். 1998 பொதுத் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பதவியில் இருக்கும்போது அப்படிப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்ட முதல் குடியரசுத் தலைவர் அவர்தான். வெளியே நின்று பாடம் கேட்டதைச் சொன்னபோது வகுப்பு நிசப்தமாகிவிட்டது.

இனி வகுப்பில் நாங்கள் நடத்திய பிரசிடெண்ட் தேர்தல் விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னாலும் பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மொத்தம் 23 பேர். மூன்று பேர் போட்டியிட்டார்கள். நிஜத் தேர்தலில் இருப்பதுபோலச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதச் சொன்னேன். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. கடைசியில் இருந்தவரின் சீட்டுகளை எடுத்து, அதிலுள்ள 2களைப் பிரித்துக் கொடுத்தோம். 1969இல் வி.வி. கிரி இப்படி இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் ஜெயித்தார். அதற்கு முன்னால் அவர் நம் கேரளத்துக் கவர்னராக இருந்தவர். எங்கள் வகுப்பில் ஜெயித்தது, முதல் நாள் எழுந்து "அது இல்லீங்களே" என்று சொன்ன அதே மூணாம் வகுப்புப் பெண். பதவிக்காலம் ஒரு வாரம். வகுப்பில் எது தீர்மானமானாலும் மற்ற 22 பேர் கை தூக்கி நிறைவேற்ற வேண்டும், அவள் கையெழுத்துப் போட வேண்டும். என் பையிலிருந்த பச்சை மைப் பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு தீர்மானம் வந்தது. பெல் அடித்த பிறகு வருகிறவர்கள் அன்றைக்கு விளையாட்டுப் பீரியடில் பந்தைத் தொடக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். 16 பேர் கை தூக்கினார்கள். லேட்டாக வருகிறவன் வகுப்பில் பெரும்பாலும் ஒருவன்தான். தோப்பு வேலைக்கு வந்த குடும்பம், தோப்புக்குள்ளேயே சாளை, அதாவது குடிசை, போட்டு இருக்கிறார்கள். அவன் கையைத் தூக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

காகிதம் அவள் மேஜைக்குப் போனது. பேனா மூடியைக் கழற்றினாள். காகிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி மூடியைப் போட்டாள்.

"அது, நாராயணன வெளிய நிக்க வெச்ச மாதிரி இருக்குங்க டீச்சர். இன்னொரு தடவ யோசிக்கச் சொல்லலாமுங்களா?"

சொல்லலாம் என்றேன். என் குரல் சரியாக வரவில்லை. காகிதம் வகுப்புக்குத் திரும்பியது. இந்தத் தடவை அந்தப் பையன் எழுந்தான். அம்மாவும் அப்பாவும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள், பாட்டி வருகிற வரை தம்பியை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். அவ்வளவுதான் சொன்னான், உட்கார்ந்துவிட்டான். மறுபடி கை தூக்கினார்கள். 12 பேர். எதிர்த்து 10.

12 என்பதும் பாதிக்கு மேல்தான். காகிதம் திரும்ப அவளிடம் வந்தது. இனி மறுக்க முடியாது என்று அவளுக்கே தெரியும், நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். போடும்போது கண் கலங்கியது. பிறகு கேட்டாள்: "அப்புறம் எதுக்குங்க டீச்சர் ஒரு பிரசிடெண்ட்?"

பெரியவர்களும் கேட்கிற கேள்வி இது. ரப்பர் ஸ்டாம்ப் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. 2006இல் ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை அப்துல் கலாம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றாமல் மறுபடி நிறைவேற்றியது. அவரும் கையெழுத்துப் போட்டார். அதை அவளிடம் சொன்னேன். "கலாமுங்களா?" என்று கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 1997இல் நாராயணன் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைத் திருப்பி அனுப்பியபோது, மத்திய அமைச்சரவை அதை விட்டேவிட்டது. இரண்டு மாதிரியும் நடக்கும். அன்றைக்கு எங்கள் வகுப்பில் 16 கை 12 ஆனது. வாய் திறக்காதவன் வாய் திறந்தான். அவள் மூடியைப் போட்டுத் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. அவளிடம் இதைத்தான் சொன்னேன், இதைவிட நல்ல பதில் இன்றைக்கும் என்னிடம் இல்லை.

சாயங்காலம் பேத்தியை அழைத்துப் போக வந்த ஒரு தாத்தா, எண்பதைத் தாண்டியவர், கதையைக் கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "கையெழுத்துன்னா லேசுப்பட்டதில்லீங்க டீச்சர். ஒரு கையெழுத்துல எங்க சர்க்காரையே கலைச்சாங்க" என்றார். 1959 ஜூலை 31, கேரளத்தின் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை. போட்டவர் அன்றைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். அதற்கு முன்பு கேரளக் கல்வி மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியவரும் அவர்தான். 1956 நவம்பர் 1இல் கேரளம் என்ற மாநிலமே பிறந்த சட்டத்துக்கு ஒப்புதல் தந்தவரும் அவரே. இந்தக் கணக்கில் எங்கள் எல்லைச் செக்போஸ்ட்டும் அந்தப் பேனாவின் அடியில்தான் நிற்கிறது. தாத்தா சொன்னதை மறுநாள் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன். நல்ல கதையை மட்டும் சொல்லி வளர்த்தால் அவர்கள் மறுபடி ராஜாவைத்தான் தேடுவார்கள்.

"ஆழியாறு தண்ணிய குடியரசுத் தலைவர் தொறந்து விடச் சொல்ல முடியாதுங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எல்லா வருடமும் கோடையில் எங்கள் ஊரில் பெரியவர்கள் பேசுவது தமிழ்நாட்டு அணையிலிருந்து வரவேண்டிய அந்தத் தண்ணீரைத்தானே. முடியாது, அது இரண்டு மாநில அரசுகள் 1970இல் போட்ட ஒப்பந்தம், பேசிக்கொள்ள வேண்டியது அவர்கள் என்றேன். பிள்ளை முகம் வாடியது.

ஜனவரி 25 ராத்திரி குடியரசுத் தலைவர் நாட்டு மக்களுக்கு உரையாற்றுவதை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூட டீச்சர், 1997இல் ராய்ரங்பூர் என்ற ஒடிசா ஊரில் நகரப் பஞ்சாயத்துக் கவுன்சிலர் என்றும் சொல்லியிருந்தேன். "அப்ப நம்ம மெம்பர் மாதிரிதானுங்க" என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

அந்த வாரம் அந்தப் பையன் ஒரு நாள் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் குறுக்கே போகவில்லை. சட்டத்தைப் போட்டவர்களுக்குத்தான் மாற்றவும் முடியும் என்று மட்டும் வகுப்பில் சொன்னேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், முதலில் கை தூக்கியவர்களில் இரண்டு பேரே ஒரு காகிதத்தோடு வந்தார்கள். 'வீட்டு வேலையால லேட்டானா பரவால்ல' என்று எழுதியிருந்தது. கை தூக்கி எண்ணி முடிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது, கையெழுத்துக்கு நேரமில்லை.

திங்கட்கிழமை புதுப் பிரசிடெண்ட், நாலாம் வகுப்புப் பையன். அவள் பேனாவைப் பாவாடையில் ஒரு தரம் துடைத்து அவனிடம் நீட்டினாள். கீழே அந்தக் காகிதத்தையும் வைத்தாள்.

"மூடி கொஞ்சம் லூசு, பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு, முன் பெஞ்சில் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.